புண் ஆறிவிட்டது, கிருமி போகவில்லை: சிபிலிஸ் கண்ணைத் தாக்குவது எப்படி?

ஒருவருக்குக் கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் கூசுகிறது. இரண்டு வாரமாகப் பார்வையும் மங்கல். கண் மருத்துவரிடம் போகிறார். அவர் கருவியில் கண்ணை நிதானமாகப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். வெளியே வந்து படித்தால், நான்கைந்து பரிசோதனைகளுக்கு நடுவே சிபிலிஸுக்கான பரிசோதனையும் இருக்கிறது. அவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. 'கண்ணுக்குக் காட்ட வந்தால் இதை எதற்குப் பார்க்கச் சொல்கிறார்? என்னைப் பற்றி என்ன நினைத்துவிட்டார்?' சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த மடித்த சீட்டுக்காகத்தான். மருந்து இருந்தும், பரிசோதனை இருந்தும், கூச்சத்தால் பார்வை போவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உடலுறவின் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய்களைப் பால்வினை நோய்கள் என்கிறோம். சிபிலிஸும் அவற்றில் ஒன்று. இவை இடுப்புக்குக் கீழே மட்டும் வரும் சமாசாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், கண்ணில் ஏதோ பட்டிருக்க வேண்டும் என்று அடுத்த முடிவுக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் அப்படிப்பட்டவரின் கண்ணைப் பார்த்தாலே தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். மூன்றும் தவறு. ஏன் தவறு என்று புரிந்துவிட்டால், மருத்துவர் ஏன் அந்தச் சீட்டை எழுதினார் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

குழாயா, தொட்டியா?

சமையலறைக் குழாயில் அழுக்குத் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாராவது அழுக்குக் கையோடு அந்தக் குழாயின் வாயைத் தொட்டிருக்கலாம். இல்லையென்றால், மாடித் தொட்டியிலேயே அழுக்குக் கலந்திருக்கலாம். முதலாவது என்றால் அந்த ஒரு குழாயைச் சுத்தம் செய்தால் போதும். இரண்டாவது என்றால், வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் அதே தண்ணீர்தான் வரும். சமையலறைக் குழாயையே துடைத்துக்கொண்டிருந்து பயனில்லை.

பால்வினை நோய்கள் கண்ணுக்கு வருவதும் இந்த இரண்டு வழிகளில்தான்.

கொனோரியா, கிளமிடியா இரண்டும் பெரும்பாலும் 'குழாய்' வழி. பாக்டீரியா உள்ள திரவம் கையில் பட்டு, அந்தக் கை கண்ணில் பட்டால் தொற்றிக்கொள்ளும். கொனோரியா கண்ணுக்கு வந்தால் மறைந்திருக்காது. இமை வீங்கி, கெட்டியான சீழ் வழியும்; துடைத்த சில நிமிடங்களில் மறுபடி ஊறும். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் படலத்துக்குக் கார்னியா என்று பெயர். முற்றிய நிலையில், ஒரே நாளில் அந்தக் கார்னியாவில் ஓட்டை விழச் செய்யும் அளவுக்கு இந்தக் கிருமி மூர்க்கமானது. ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம் இது.

பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்கும் இது வரலாம். கொனோரியா என்றால் பெரும்பாலும் பிறந்த 2 முதல் 5 நாட்களுக்குள், கிளமிடியா என்றால் 5 முதல் 14 நாட்களுக்குள் தெரியும். ஒரு காலத்தில் பச்சிளங்குழந்தைகள் பார்வை இழக்க இது பெரிய காரணமாக இருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர் 1880-ல், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். நூற்றில் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கண்நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கண் மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

சிபிலிஸ் அப்படியில்லை. அது 'தொட்டி' வழி. கிருமி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. கண்ணுக்கும் ரத்தம் போகிறது, அவ்வளவுதான். கண்ணில் எதுவும் பட்டிருக்கத் தேவையில்லை. இனி இந்தக் கட்டுரை முழுக்க சிபிலிஸைப் பற்றித்தான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், நாட்கணக்கில் தவறவிடப்படுவதும் இதுதான்.

வெளிறிய திருகாணி

சிபிலிஸை உண்டாக்குவது ட்ரெப்போனிமா பாலிடம் என்ற பாக்டீரியா. பாலிடம் என்றால் லத்தீனில் 'வெளிறியது'. பெயருக்கேற்ப அது மிக மெல்லியது. அகலத்தில் நம் தலைமுடியின் சில நூறில் ஒரு பங்குதான் இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் வழக்கமான முறையில் பார்த்தால் கண்ணுக்கே சிக்காது. நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்களை வாட்டிய இந்த நோயின் கிருமியை 1905-ல்தான் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஷாடின், எரிக் ஹாஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள்.

இதன் வடிவம் சுருள் கம்பி போல. திருகாணி மரத்துக்குள் இறங்குவது போலச் சுழன்று சுழன்று திசுக்களுக்குள் நுழையும். இன்னும் மூன்று குணங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். முதலாவது, உடலுக்குள் வந்த கொஞ்ச காலத்திலேயே, முதல் புண் தெரிவதற்கு முன்பே, ரத்தத்தில் கலந்துவிடும். அடுத்தது, மிக மெதுவாகப் பெருகும். பல பாக்டீரியாக்கள் அரை மணியில் இரண்டாகும், இதற்கு ஒன்று இரண்டாக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம், இதன் வெளிப்பரப்பில் நம் உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் பிடிக்கக்கூடிய புரதங்கள் மிகக் குறைவு. அதனால் காவலாளிகளின் கண்ணில் படாமல் வருடக்கணக்கில் உள்ளே தங்க முடிகிறது.

மண்கோட்டைத் துடைத்தால் கரையான் போகுமா?

சுவரில் கரையான் மண்கோடு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துடைப்பத்தால் தட்டிவிட்டால் சுவர் சுத்தமாகிவிடும். ஆனால் கரையான் மரச்சட்டத்துக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சிபிலிஸின் முதல் புண் அந்த மண்கோடு மாதிரி. இதில் ஒரு வித்தியாசம், நாம் துடைக்காமலே அது தானாக மறைந்துவிடும்.

தொற்று ஏற்பட்டு 10 முதல் 90 நாட்களுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். தொட்டால் ஓரம் கெட்டியாக இருக்கும், வலிக்காது. பிறப்புறுப்புக்குள், ஆசனவாயில், வாய்க்குள் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வந்தால் வந்ததே தெரியாது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். 'ஆறிவிட்டது, அப்பாடா' என்று பெருமூச்சு விடுவது இங்கேதான்.

இது முதல் கட்டம். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து இரண்டாம் கட்டம் வரும். உடம்பில் அரிப்பில்லாத தடிப்புகள், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். லேசான காய்ச்சல், தொண்டை வலி, கழுத்திலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டுதல், தலையில் திட்டுத்திட்டாக முடி உதிர்தல் என்று பல வகையில் தெரியலாம். ஒவ்வாமை என்று நினைத்து ஏதாவது களிம்பு தடவுவார்கள். இதுவும் தானாகவே அடங்கிவிடும்.

அதற்குப் பிறகு வருவது மறைநிலை. வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. ரத்தத்தைப் பரிசோதித்தால் மட்டும் தெரியும். இந்த நிலை வருடக்கணக்கில் நீளும். சிகிச்சை இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு, 10 முதல் 30 வருடங்கள் கழித்து இதயத்தின் பெரிய ரத்தக் குழாயையோ மூளையையோ நோய் தாக்கும்.

கண் இதில் எந்தக் கட்டத்தில் வருகிறது? எந்தக் கட்டத்திலும் வரலாம். சிபிலிஸ் கண்ணுக்கு வர இருபது வருடம் ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உள்ளங்கைத் தடிப்பு இருக்கும்போதே கண்ணும் பாதிக்கப்படலாம். சிபிலிஸ் வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் கண் பாதிக்கிறது. அந்தச் சிறு பகுதியில் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். கிருமி நுழைந்தது வேறு இடத்தில். கண்ணுக்குப் போனது ரத்தம் வழியாக. புண் ஆறுவது நோய் குணமானதற்கு அடையாளம் ஆகாது. கண் பாதிப்பு சில வாரங்களிலும் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம்.

திராட்சைத் தோலுக்குள் வீக்கம்

கண்ணை மூன்று அடுக்குள்ள ஒரு பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான வெள்ளைத் தோல். உள்ளே, கேமராவின் படச்சுருள் போல ஒளியை வாங்கிக்கொள்ளும் விழித்திரை. இரண்டுக்கும் நடுவே கருமையான ஒரு அடுக்கு இருக்கிறது. அதற்கு யூவியா என்று பெயர். லத்தீனில் திராட்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெள்ளைத் தோலை உரித்தால் தோல் கறுத்த திராட்சை மாதிரி இருக்கும் என்பதால் அப்படி வைத்தார்கள். கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு இந்த அடுக்கின் வழியாகத்தான் பாய்கிறது. ரத்தத்தில் பயணம் செய்யும் கிருமி இங்கே இறங்குவதில் ஆச்சரியமில்லை.

யூவியாவில் ஏற்படும் அழற்சிக்கு யூவியைட்டிஸ் என்று பெயர். அழற்சி என்றால், கிருமியோடு மல்லுக்கட்ட உடல் வெள்ளை அணுக்களை அனுப்ப, அந்த இடம் சிவந்து, வீங்கி, வலிப்பது. விரலில் முள் குத்தினால் வருகிறதே, அதேதான். விரல் வீங்கினால் இரண்டு நாளில் வடிந்துவிடும். கண்ணுக்குள் வீங்க இடமில்லை; அங்கே ஒளி போகும் பாதை தெளிவாக இருந்தே ஆக வேண்டும். பார்வையைக் கெடுப்பதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு இந்த அழற்சிக்கும் உண்டு.

மருத்துவர் இதை எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? இருட்டறையில் உங்கள் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கத்தி விளிம்பு மாதிரி மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் விடுவார். ஓட்டுச் சந்து வழியாக வெயில் கோடாக விழும்போது, அதில் தூசி மிதந்து சுழல்வதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போமே, அந்தக் காட்சிதான். கண்ணின் முன்னறையில் இருக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஒளிக்கீற்று அதில் தெரியவே தெரியாது. அழற்சி இருந்தால் அந்தத் தண்ணீரில் வெள்ளை அணுக்கள் தூசியாக மிதக்கும். கசிந்த புரதத்தால் ஒளிக்கீற்று புகை படிந்தது போலத் தெரியும். மிதப்பவற்றை மருத்துவர் எண்ணியே பார்ப்பார். நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதற்கு அதுதான் அளவு.

சிபிலிஸ் யூவியாவோடு நிற்காமலும் போகலாம். விழித்திரையில் இறங்கினால் பார்வையில் திட்டுத்திட்டாக மறைப்பு வரும். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைத் தாக்கினால் நிறங்கள் வெளிறும். ஒரு கண்ணில் அடர்சிவப்பாகத் தெரிவது மறு கண்ணில் சாயம் போன சிவப்பாகத் தெரியும். ஒரு கண்ணில் வரலாம், இரண்டிலும் வரலாம். வேறு பல நோய்களின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருவதால், சிபிலிஸை 'பெரிய பாவனைக்காரன்' என்று மருத்துவ உலகில் நெடுங்காலமாகச் சொல்வார்கள். கண்ணைப் பார்த்து மட்டும் இது சிபிலிஸ்தான் என்று அடித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கஷ்டம். யூவியைட்டிஸ் என்று தெரிந்தாலே சிபிலிஸுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்வது அதனால்தான். அந்தச் சீட்டு யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோடவில்லை. இந்த வேஷக்காரனை விலக்கிக்கொள்ள வேறு வழியில்லை என்பதால் எழுதப்படுவது அது.

சாதாரணக் கண்வலியிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்வலியில் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும், நீர் வடியும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

யூவியைட்டிஸில் பீளை இருக்காது. வெளிச்சம் கூசும், கண்ணுக்குள் ஆழத்தில் மந்தமான வலி இருக்கும், பார்வை மங்கும். பூச்சி பறப்பது போலப் புள்ளிகள் மிதக்கும், சில சமயம் மின்னல் வெட்டுவது போலத் தெரியும். கண்ணின் பின்பகுதி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. பார்வை மட்டும் குறைந்துகொண்டே போகும். என் கருத்தில் மிகவும் பயப்பட வேண்டியது இதற்குத்தான். வலி இல்லாததால் 'கண்ணாடி பவர் மாறியிருக்கும்' என்று தள்ளிப்போட்டுவிடுவோம்.

இந்த அறிகுறிகளோடு காது மந்தமாவது, காதில் இரைச்சல், தலைச்சுற்றல், விடாத தலைவலி ஏதாவது சேர்ந்திருந்தால், கேட்கவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இதே கிருமி காதையும் நரம்புகளையும் தாக்கக்கூடியது. அப்படிச் சந்தேகம் வந்தால் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இங்கே சின்னதாக ஒரு செய்தி. கண்ணின் நடுவில் கறுப்பு வட்டமாகத் தெரிகிறதே, பாப்பா என்போம், அதில் டார்ச் அடித்தால் சுருங்கும். பக்கத்தில் உள்ள பொருளைப் பார்த்தாலும் சுருங்கும். பல வருடம் முற்றிய சிபிலிஸில், பக்கத்தில் பார்க்கும்போது சுருங்குகிற பாப்பா, வெளிச்சம் பட்டால் சுருங்காமல் அப்படியே நிற்கும். எடின்பரோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் 1869-ல் இதை விவரித்தார். ரத்தப் பரிசோதனை என்று ஒன்று இல்லாத அந்தக் காலத்தில், ஒரு விளக்கையும் ஒரு விரலையும் வைத்து நோயைப் பிடித்தார்கள்.

சொட்டு மருந்தில் குறைந்துவிட்டதே!

ஸ்டீராய்டு என்பது அழற்சியை அடக்கும் மருந்து. யூவியைட்டிஸ் பல காரணங்களால் வரும். பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீராய்டு சொட்டு நல்ல மருந்துதான். அந்தச் சொட்டைப் போட்டால் சிபிலிஸ் தாக்கிய கண்ணும் சில நாள் தெளியலாம். ஆனால் ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை. எதிர்ப்பாற்றலின் கையைக் கட்டிவைக்கிறது, அவ்வளவுதான். சொட்டை நிறுத்தியதும் அழற்சி திரும்பும், சில சமயம் முன்பைவிட மோசமாக. திரும்பத் திரும்பச் சொட்டு மருந்தில் காலம் போய், அதற்குள் விழித்திரை கெட்டுவிடுவது உண்டு. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மறுபடி அதே சொட்டை வாங்கிப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

யூவியைட்டிஸ் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தால், "டாக்டர், ரத்தத்தில் சிபிலிஸ் பார்த்தாயிற்றா?" என்று நீங்களே கேட்கலாம். தப்பே இல்லை.

புகையும் தழும்பும்

சிபிலிஸுக்கு இரண்டு வகை ரத்தப் பரிசோதனைகள் உண்டு. ஒன்று புகையைத் தேடுவது. இன்னொன்று தீப்பட்ட தழும்பைத் தேடுவது.

வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டும் புகை வகை. கிருமியால் திசுக்கள் சிதையும்போது ஒரு கொழுப்புப் பொருள் வெளிப்படும். அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இவை அளக்கின்றன. நோய் கனன்றால் அளவு கூடும், சிகிச்சையில் குறையும். முடிவை 1:8, 1:32 என்று எழுதுவார்கள். ரத்த நீரைப் பாதியாக, அதில் பாதியாக, மறுபடி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எந்த அளவு வரை வினை தெரிந்தது என்பதுதான் அந்த எண். சாயத் தண்ணீரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் நிறம் போகிறது என்று பார்ப்பது மாதிரி. எண் பெரிதானால் எதிர்ப்பொருள் அதிகம். 1:64 ஆக இருந்தது சிகிச்சைக்குப் பின் 1:16 ஆனால் நல்ல செய்தி.

புகை வேறு காரணங்களாலும் வரும். கர்ப்பகாலத்திலும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களிலும், சிபிலிஸ் இல்லாமலே வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் காட்டலாம். மாறாக, பல வருடம் பழகிப்போன சிபிலிஸ் நீறு பூத்த நெருப்பு. உள்ளே கனல் இருக்கும், வெளியே புகை தெரியாது. அப்போது வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் என்றே வரக்கூடும்.

தழும்பு வகைக்கு டி.பி.எச்.ஏ. உதாரணம். கிருமியை நேரடியாக எதிர்க்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது இது. ஒருமுறை சிபிலிஸ் வந்தவருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். அதனால் குணமானவர் இதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. குணமாயிற்றா என்று அறிய இது உதவாது. கண் பாதிப்பில் இரண்டு வகையையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான். கூடவே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வார்கள். இரண்டும் ஒரே வழியில் தொற்றுபவை, எச்.ஐ.வி. இருந்தால் கண் பாதிப்பு கடுமையாகவும் இருக்கலாம்.

சுருக்கமாக: வி.டி.ஆர்.எல். இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறது, டி.பி.எச்.ஏ. எப்போதாவது வந்ததா என்பதைச் சொல்கிறது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது.

ஏன் ஒரு ஊசி போதாது?

சிபிலிஸின் ஆரம்ப நிலைக்கு ஒரே ஒரு ஊசி போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இடுப்புச் சதையில் போடுவார்கள். அந்த மருந்து சதைக்குள் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசியும். மெதுவாகப் பெருகும் கிருமிக்கு மெதுவாகக் கசியும் மருந்து பொருத்தமானது. பெனிசிலின், பாக்டீரியா தன் வெளிச்சுவரைக் கட்டும் நேரம் பார்த்துத்தான் அதைத் தாக்கும். 30 மணிக்கு ஒருமுறை பெருகும் கிருமியைப் பிடிக்க, மருந்து நாட்கணக்கில் ரத்தத்தில் காத்திருக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தக் குழாய்ச் சுவரிலேயே கடுமையான காவல் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள எல்லாப் பொருளையும் அந்தச் சுவர் உள்ளே விடாது. சொட்டுச் சொட்டாகக் கசியும் மருந்தில், இந்தக் காவலைத் தாண்டிப் போதுமான அளவு உள்ளே சேர்வதில்லை. அதனால் கண் சிபிலிஸை, மூளைக்குப் போன சிபிலிஸுக்குச் சமமாக வைத்தே சிகிச்சை செய்கிறார்கள். வேறு வகைப் பெனிசிலினை நரம்பு வழியாக, நாளொன்றுக்கு 1 கோடி 80 லட்சம் முதல் 2 கோடி 40 லட்சம் யூனிட் வரை, 10 முதல் 14 நாட்கள் ஏற்றுவார்கள். பொதுவாக 4 மணிக்கு ஒருமுறை. ராத்திரி 2 மணிக்கும் நர்ஸ் வந்து எழுப்புவார். அலுப்பாகத்தான் இருக்கும். இடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். 'சிபிலிஸுக்கு ஊசி போட்டாயிற்று' என்று திருப்தியடையாமல், அது கண்ணுக்கான சிகிச்சையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் முக்கியம்.

முதல் 24 மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடல்வலி, தலைவலி வரலாம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடல் காட்டும் எதிர்வினை அது. மருந்து ஒவ்வாமை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பொதுவாக ஒரு நாளில் அடங்கும். கண் அழற்சி அந்தச் சமயத்தில் கூடினால் அதை அடக்க ஸ்டீராய்டு சேர்ப்பதுண்டு. பெனிசிலினோடு சேர்த்துத்தான், தனியாக இல்லை. உண்மையிலேயே பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்று மருந்து தரலாம், அல்லது மருத்துவமனையில் வைத்து மிகச் சிறு அளவில் தொடங்கி உடலைப் பழக்கலாம்.

1943-ல் சிபிலிஸுக்குப் பெனிசிலினை முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கிருமி அந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளவில்லை. பல கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இது பெரிய ஆறுதல்.

பார்வை திரும்புமா? அழற்சியால் மங்கியது பெரும்பாலும் தெளியும், பலருக்கு நன்றாகவே. விழித்திரையின் செல்களும் பார்வை நரம்பின் இழைகளும் ஏற்கெனவே அழிந்திருந்தால் அவை திரும்ப முளைக்காது. எவ்வளவு திரும்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்கியது என்பதுதான்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு

சிபிலிஸ் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தைக்கு, பல வருடம் கழித்து, பெரும்பாலும் 5 முதல் 20 வயதுக்குள், கார்னியாவில் அழற்சி வந்து பனி படிந்த கண்ணாடி போல ஆகலாம். லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 19-ம் நூற்றாண்டில் இதோடு நுனி பிளவுபட்ட முன்பற்களையும் காது கேளாமையையும் சேர்த்து, மூன்றும் ஒரே நோயின் விளைவு என்று காட்டினார். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ் என்றால் பெனிசிலின். இவ்வளவு செய்தால் இதை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம்.

கண்ணில் எதுவும் இல்லாத இணையர்

2022-ல் அமெரிக்காவின் தென்மேற்கு மிச்சிகனில் ஐந்து பெண்களுக்குக் கண் சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. விசாரித்தபோது ஐவருக்கும் இணையராக இருந்தவர் ஒரே ஆண். அவருக்குக் கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை. ரத்தத்தில் மட்டும் சிபிலிஸ் இருந்தது. சில வகைக் கிருமிகள் கண்ணை அதிகம் நாடுகின்றனவா என்ற கேள்வியை இது எழுப்பியது, அது நிரூபணமாகவில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு: ஒருவருக்குக் கண் பாதித்தால், இணையர் நலமாகத் தெரிந்தாலும் அவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இது அபூர்வமான நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2022-ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 80 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிபிலிஸ் தொற்றியிருக்கிறது. அது பரவுவது புண்ணோடு நேரடியாகத் தொடர்பு ஏற்படும்போது. உடலுறவில், வாய்வழி உறவிலும், வாயில் புண் இருந்தால் முத்தத்திலும்கூட. துண்டு, கழிப்பறை, கதவுக் கைப்பிடி வழியாகப் பரவாது. சிவந்த கண்ணைப் பார்ப்பதால் நிச்சயமாகப் பரவாது. ஆணுறை பெருமளவு காக்கும், அது மூடாத இடத்தில் புண் இருந்தால் மட்டும் காக்காது.

ஒருமுறை வந்து குணமானால் மறுபடி வராது என்ற நம்பிக்கையும் உலவுகிறது. அம்மையைப் போல இதில் நிரந்தரப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, மீண்டும் தொற்றலாம். ஒருவர் மட்டும் சிகிச்சை எடுத்து மற்றவர் எடுக்காவிட்டால், நோய் இருவருக்குள் சுற்றிச் சுற்றி வரும். சிகிச்சைக்குப் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். பார்க்கச் சொல்வார்கள். முதலில் எதைச் செய்தார்களோ அதையே, முடிந்தால் அதே ஆய்வகத்திலேயே செய்யுங்கள். இரண்டின் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. பழைய முடிவுச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். இறங்கிய எண் மறுபடி நான்கு மடங்கு ஏறியிருந்தால், கண் தெளிவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.